காய்ச்சல் இல்லாத நோய்

மச்சான், இன்று காலை காய்ச்சல் பார்க்கும் குழாய் கை தவறி விழுந்து உடைந்தது. பாதரசம் மணி மணியாகத் தரையில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒன்பது வருடம் ஆகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவன் இன்னும் நான்தான்.

இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரே கப்பலில் வந்தோம். நாலு எழுத்து படித்திருந்ததால் எனக்கு நாற்காலி, உனக்குச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வாய். உன் மகள் வயிற்றோட்டத்தில் போன பிறகு அந்தக் கிண்டலும் நின்றது. அடுத்த மாதம், காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் நேரத்தில், நோயாளிகள் வரிசையில் வந்து நின்றாய்.

"ஒடம்பு பாரமா இருக்குடா. எந்திரிக்கவே முடியல."

காய்ச்சல் பார்த்தேன். இல்லை. காய்ச்சல் இல்லாதவன் வேலைக்கள்ளன். என் கண்முன்னே விளக்கெண்ணெய் குடித்துவிட்டு மலைக்குப் போகவேண்டும். அது தோட்டத்துச் சட்டம். சிநேகிதனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று கங்காணி சொல்லிவிடக் கூடாதே என்று, உனக்கு இரண்டு மடங்கு ஊற்றினேன். மூன்று நாள் வந்தாய். மூன்று நாளும் முகம் சுளிக்காமல் குடித்தாய். அந்த எண்ணெய்க்கு முகம் சுளிக்காதவனை நான் அதற்குமுன் கண்டதில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நாலாம் நாள் நீ வராதபோது, மருந்து வேலை செய்துவிட்டது என்று கங்காணியிடம் பெருமையடித்தேன்.

நீ சோறு தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். முனி பிடித்திருக்கிறது என்றார்கள் லயத்து வரிசை வீடுகளில். ஐப்பசி மழையில் உனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. மருந்துக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அந்தக் காய்ச்சலைத் தாங்க உன் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். துக்கம் மனதில் தங்கிப்போனால் அதுவும் நோய்தானாம். தூக்கம் கெடும், பசி போகும், கைகால் கனக்கும், தான் உயிரோடிருப்பதே குற்றமாகத் தோன்றும். சோம்பேறி என்றும் பேய் என்றும் நாம் பேர் வைத்தது இதற்குத்தான். வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

இப்போதெல்லாம் காய்ச்சல் இல்லாதவர்களை முதலில் உட்காரச் சொல்கிறேன். "ராத்திரி தூங்குனியா? வீட்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறேன். நேற்று கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, செத்துப்போன பிள்ளையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். துரை சத்தம் போட்டார். போடட்டும்.

நீயும் அந்த மூன்று நாளும், "பாப்பா இருந்திருந்தா இன்னைக்கு..." என்று ஆரம்பித்தாய். அவ்வளவுதான் கேட்டேன். வாய் திறந்திருக்கிறதே என்று எண்ணெயை ஊற்றினேன்.