சிரித்தால் காதைப் பாருங்கள்

என்னங்க,

நம் குட்டியைப் போன்று பேச்சு வராத பிள்ளைகளின் மருத்துவத்துக்கு இனிமேல் குடும்பமே தலைமை தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் அறிவித்துவிட்டார்கள். தலைமை தாங்க நான் கிளம்பிவிட்டதால், மதியச் சோறு ஊட்டுவது உங்கள் பொறுப்பு. குழைய மசித்து, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். அவசரப்பட்டால் புரையேறும். இரவு வேலை முடிந்து அயர்ந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனமில்லை. நீங்கள் எழும்வரை பக்கத்து வீட்டு அக்கா அவளோடு இருப்பார்.

ஆஸ்பத்திரியில் இன்று நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் நான் ஒன்றுதான் சொல்லப்போகிறேன். "என் மகளுக்கு வலித்தால் அழமாட்டாள், சிரிப்பாள். அதை அவள் மருத்துவச் சீட்டில் பெரிதாக எழுதிவையுங்கள்." போன தடவை அவளைக் காட்டப் போனபோது இதைச் சொன்னதற்கு, "குழந்தை நல்லா சிரிச்சிட்டுத்தானேம்மா இருக்கு" என்றார் டாக்டர். "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப்போகுது" என்று நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். மறுநாள் காதில் சீழ் வடிந்தது. அன்றிலிருந்து நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது கிடக்கட்டும். இன்று அவள் காரணமில்லாமல் சிரித்தால் காதைப் பாருங்கள், உடனே எனக்குப் போன் செய்யுங்கள்.

சாவி டிவி மேல் இருக்கிறது.

இன்னொன்று. "குடும்பமே முதல் மருத்துவர்" என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் குட்டி சிரிக்கிறாளே, அதே படத்தைத்தான் நீங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறீர்கள். அதைக் கழற்றிவிடுங்கள். அது அந்த டாக்டரைப் பார்த்த அன்றைக்கு எடுத்தது.