விஷுவுக்கு மறுநாள் திறந்த கேட்

மச்சான்,

கொடியில் காயும் என் கைலியில் இன்னும் சேற்று வாடை போகவில்லை. உங்கள் தங்கை இரண்டு முறை சோப்புப் போட்டு அலசிவிட்டு, "இந்த வயசுல வயல்ல இறங்கச் சொல்லி யாரு அழுதா?" என்று திட்டினாள். எனக்கு அந்த வாடை பிடித்திருக்கிறது. வருஷா வருஷம் விஷுவுக்கு மறுநாள் நீங்கள் அதே வாடையோடுதான் மட்டாஞ்சேரிக்குத் திரும்புவீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை என்று பெருமையாக வேறு சொல்வீர்கள்.

கடை நன்றாக ஓடிய காலத்தில் நாம் சேர்ந்து வாங்கிய பொக்காளி வயல் அது. நமக்கு முன்னால் எத்தனையோ தலைமுறை பார்த்தது. மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல், அறுப்பு முடிந்ததும் மதகைத் திறந்து காயல் தண்ணீரை விட்டு இறால். விஷுவோடு இறால் குத்தகை முடியும். மறுநாள் வயலில் மிச்சமிருக்கும் மீனெல்லாம் ஊருக்கு. யார் வேண்டுமானாலும் இறங்கிக் கலக்கிப் பிடிக்கலாம், சொந்தக்காரன் தடுக்கக் கூடாது. கெட்டு கலக்கல் என்று அதற்குப் பெயர். நீங்களோ சொந்தக்காரராக இருந்துகொண்டே கூட்டத்தோடு கூட்டமாக இறங்குவீர்கள். மீன் பிடிக்கத் தெரியாது. வரப்போரம் குடியிருக்கும் ஏலியம்மா சேச்சி திட்டிக்கொண்டே போடும் இரண்டு கரிமீனோடு வீட்டுக்கு வருவீர்கள்.

நடவுக்கு ஆள் கிடைக்காமல் போன பிறகு, வயலைப் பூங்காவுக்குத் தருகிறீர்களா என்று பஞ்சாயத்தில் கேட்டார்கள். மண் போட்டு நிரப்ப மாட்டோம், வரப்பில் நடைபாதை மட்டும் போடுவோம் என்றார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நீங்கள்தான் மசியவில்லை.

"கேட் வைக்கட்டும் மாப்ளே. கலக்கல் அன்னைக்கு மட்டும் பூட்டக் கூடாது. அதை எழுதி வாங்கணும்."

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் நம் கடை வாசலில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நின்று நான் கத்தினேன். "கண்டிஷன் போட்டா ஃபைலே திரும்பிப் போயிடும். சும்மா இருங்க மச்சான்." நீங்கள் சாயாவைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பிப் போனீர்கள்.

கையெழுத்துப் போட்ட அன்று, வழக்கம்போல் நீங்கள்தான் பத்திரத்தைப் படித்துக் காட்டினீர்கள். என் மலையாளப் படிப்பு பஸ் போர்டோடு சரி. பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லி, "இங்க போடுங்க மாப்ளே" என்றீர்கள். போட்டேன். ஒருவழியாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பூங்கா திறக்கும் முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் கபரில் மண் போடும்போது என் மனசில் அந்தக் கேட்தான் இருந்தது. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கத்திக் கெடுத்தேனே என்று இருந்தது.

நேற்று விஷுவுக்கு மறுநாள். போகாமல் இருக்க முடியவில்லை. கேட் பூட்டியிருந்தது. வெளியே ஒரு கூட்டம், கூடையும் வலையுமாக. புதிதாக வந்த வாட்ச்மேன் போர்டைக் காட்டினான்: தண்ணீரில் இறங்கக் கூடாது. ஏலியம்மா சேச்சி என்னைப் பார்த்துவிட்டாள்.

"இக்கா, நிங்களல்லே இது கொடுத்தது?"

நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டாள், அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எனக்குத் தலை நிமிரவில்லை.

கூட்டத்தைக் கலைக்கச் சொல்லி வாட்ச்மேன் போன் பண்ணியிருப்பான் போல. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிப் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் பத்திர நகல். அவனிடம் சத்தமாகவே படித்துக் காட்டினாள். விஷுவுக்கு மறுநாள் கேட் திறந்திருக்க வேண்டும், ஊரார் வயலில் இறங்கி மீன் பிடிக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது. நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் உங்கள் கையெழுத்து. அதை ஒட்டி என்னுடையது.

என்ன ஆள் மச்சான் நீங்கள். "இது எல்லைக் கணக்கு, வடக்கே வாய்க்கால், தெற்கே வரப்பு" என்று ஒரு பக்கத்தை இழுத்தீர்களே, அதுவாகத்தான் இருக்கும். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே போட்ட கையெழுத்து. உங்களோடு நல்லதாக ஒரு சண்டை போட வேண்டும்போல் இருந்தது. கேட் பக்கத்தில் நின்று சிரித்தேன், அழுதேன். இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

வாட்ச்மேன் பூட்டைத் திறந்ததும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு நானும் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. ஒரு மீனும் கையில் நிற்கவில்லை. சேச்சி திட்டிக்கொண்டே என் பையில் இரண்டு கரிமீனைப் போட்டாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டிலும் ஒருத்தரும் உட்காரவில்லை.

அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். சட்டைப் பையிலேயே இருக்கிறது. இன்று காலையிலிருந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து, எழுத்துக் கூட்டிப் பழகுகிறேன். வாட்ச்மேன் மாறுவான், அந்தப் பெண்ணுக்கும் மாற்றல் வரும். நீங்கள் எனக்குப் படித்துக் காட்டாமல் விட்ட அந்த மூன்று வரியை, இனி கேட் முன்னால் நின்று நான் படித்துக் காட்டுவேன்.