காதுக் கருவியின் ஒயர்

1968 நவம்பர், வியாழன் இரவு

என் மனைவி ரோசியின் காதுக் கருவியில், மார்பில் மாட்டும் சிறு பெட்டியிலிருந்து காதுக்குப் போகும் ஒயர் காலையில் அறுந்துவிட்டது. ரிப்பேருக்குப் பெங்களூர்தான் போக வேண்டும். அவளோ நாளை தனியாக வேப்பனப்பள்ளிக்குப் பஸ் ஏறுகிறாள். தங்கைக்குப் பிரசவ நேரம். காதில் ஒன்றுமே விழாதவளை எப்படி அனுப்புவது?

ரேடியோ கடை சீனப்பாவிடம் ஈயத்தால் பற்றவைக்கும் கோலை வாங்கி வந்து கரி அடுப்பில் காயவைத்தேன். ஒயருக்குள் நூலின்மேல் சுற்றிய செம்பு இழைகள், தலைமுடியைவிட மெல்லியவை. ஈயம் உருகியது, ஆனால் ஒட்டாமல் உருண்டு ஓடியது.

"செம்பு கறுத்துக் கெடக்குது பாருங்க, சொரண்டுங்க," என்றாள் ரோசி.

சுரண்டினேன். அடுத்த தடவை ஈயம் தானாகவே இழைகளுக்குள் பரவியது. சுத்தமான செம்பு மட்டும் ஏன் அதை அப்படி இழுத்துக்கொள்கிறது? சீனப்பாவைக் கேட்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க முதலில் என் காதில் மாட்டிக்கொண்டு, "ரோசி" என்று சொன்னேன். தகரக் குழாய்க்குள்ளிருந்து யாரோ ஒருவன் கூப்பிட்டான். ஒல்லியான, கரகரத்த குரல், என்னுடையதுதான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கேட்டு வந்தது இவனைத்தானா?

அவள் காதில் மாட்டினேன். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "கேக்குதா ரோசி?" என்றேன்.

"நல்லாக் கேக்குது. எதுக்கு வேற யாரோ மாதிரி பேசறீங்க? எப்பவும் போலப் பேசுங்க."

எப்போதும் போலப் பேச அதன் பிறகு வெகுநேரம் எனக்கு வரவே இல்லை.