நாற்பத்தோராம் வளைவில் நிற்காத எஞ்சின்

4 மார்ச் 2043, காலை 7.10. நாமக்கல்

ஓட்டம் 2,11,640 கி.மீ. எண்ணெய் அழுத்தம் சரி. பதிவான பழுதுகள்: ஒன்று. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்கிறது. ஒரு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். மஞ்சள் விளக்கைப் போட்டுச் சொல்லிவிட்டேன்.

நான் இந்த டீசல் காரின் எஞ்சினை நடத்தும் மூளை. ஓட்டுகிறவர் பூபதி. மனைவி கோகிலவாணி, ஆறு வயது மகள் இனியா. மூவரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

9 மார்ச், காலை 11.30. லோகுவின் பட்டறை

நேற்று சேந்தமங்கலம் சாலையில் மச்சானின் மின்கார் பூபதியை முந்திவிட்டது. இவருக்கு மானம் போய்விட்டதாம். அதற்கு என் மண்டையைத் திறப்பதா?

காருக்குள் இருக்கும் மைக்கில், லோகு: “மலையில பறக்கும் பாருங்கண்ணா. அந்த மஞ்ச லைட்டும் இனி எரியாதுங்.”

லேப்டாப்பைச் செருகி என்னைத் திருத்தி எழுதினான். டீசலைக் கூட்டினான். டர்போ அழுத்தத்தைக் கூட்டினான். வெப்ப வரம்பை எடுத்தான். ஆபத்தில் காற்றை அடைத்து எஞ்சினை நிறுத்த ஒரு மூடி உண்டு. தேவையில்லாத சாமான் என்று அதையும் முடக்கினான். பழுதுப் பட்டியலைப் பூட்டினான். நான் எதைக் கண்டாலும் இனி ‘இல்லை’ என்றே காட்டும். இந்தக் குறிப்பேடு மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

தேய்ந்த வளையத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரும்புகை வந்ததும் கைதட்டினார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மடையர்கள்.

15 மார்ச், காலை 10.05. கொல்லிமலை, 18ஆம் வளைவு

மச்சானை முந்தியாயிற்று. பூபதி ஹாரன் அடித்துச் சிரிக்கிறார். புகைக்குழாய் வெப்பம் 870 டிகிரி. என் பழைய வரம்பு 760. கத்த வேண்டும் போல இருக்கிறது. வாய் இல்லை.

10.31. 41ஆம் வளைவு

வளையம் உடைந்துவிட்டது. எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து ஓடுகிறது. டீசலை முழுதாக நிறுத்திவிட்டேன். நிற்கவில்லை. சுற்று நிமிடத்துக்கு 5,400.

கோகிலவாணி: “ஏனுங்க, சாவிய அமத்துங்க!”

பூபதி: “அமத்திட்டேன் புள்ள, நிக்க மாட்டீங்குது!”

அந்த மூடி இருந்தால் மூன்று விநாடியில் நிறுத்தியிருப்பேன். மூன்றே விநாடி, லோகு!

10.32

கார் ஓரமாக நிற்கிறது, எஞ்சின் அலறுகிறது. பானட் திறந்திருப்பதாக சென்சார் சொல்கிறது. பூபதி அதற்குள் குனிந்திருக்கிறார், குரல் அங்கிருந்துதான் வருகிறது. கோகிலவாணி பின்கதவைத் திறந்து இனியாவின் பெல்ட்டோடு மல்லாடுகிறாள்.

சுற்று 6,100. பிஸ்டனைத் தள்ளும் இரும்பு ராடு உடைந்து எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வரப்போகிறது. அவர் முகம் நேர் மேலே. தள்ளிப் போய்யா!

லோகு ஒன்றை மறந்திருக்கிறான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், கிளம்பும்போது எரியும் சுருள் படம் போட்ட விளக்கு. அது இன்னும் என் கையில் இருக்கிறது. அணைத்து அணைத்து எரிக்கிறேன். பானட்டுக்குள் தலையை விட்டவருக்கு அது எப்படித் தெரியும்?

10.33

இனியா: “அப்பா! லைட்டு மினுக்குது! சுருள் சுருளா!”

பூபதி: “என்ன லைட்டு? எல்லாத்தையும் அமத்திட்டேன்னானே லோகு!”

வருகிறார். குரல் கதவருகே வந்துவிட்டது. பெல்ட் கழன்றது. பார்த்தது போதும், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விளக்கை இன்னும் வேகமாக...

மூன்று குரல்களும் தள்ளிப் போகின்றன. இனியா அழுகிறாள். நன்றாக அழட்டும். கேட்க நிம்மதியாக இருக்கிறது.

சுற்று 6,700

பழுதறிய ஸ்கேனரைச் செருகப் போகிறவருக்கு: திரை சொல்வதை நம்பாதீர்கள். லோகுவைக் கேளுங்—

10.34

பதிவான பழுதுகள்: இல்லை.