இரண்டு இருக்கை வண்டி

ஜூன் 12, 2025, வியாழன்

இன்று ஒரே ஓர் அழைப்பு. காலை ஆறு மணிக்கு, ஆவடியிலிருந்து. எடுத்ததும் அழுகை கேட்டது. பிறகு வேறொருவர் போனை வாங்கி முகவரி சொன்னார். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவனை வேறு எதற்காக அழைப்பார்கள்?

வீரராகவன் தன் மினி லாரியோடு வந்தார். பெட்டியை இறக்கி, பெரியவரை உள்ளே வைத்து, கண்ணாடியை மூடி, பிளக்கைச் சொருகிவிட்டுத் திரும்பினோம். கரையான்சாவடியில் டீ குடித்தோம். அவர் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார். ஏழு வருடமாக வாடகைக்கு ஓட்டிக்கொண்டு என்னோடு வருகிறவர். ஒரு நாளில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான் என்பது டீ குடிக்கும்போது உறைத்தது.

நானே ஒரு வண்டி வாங்கினால் என்ன? சேற்றிலும் தண்ணீரிலும் நிற்காமல் போகிற வண்டி. நாற்பத்து நான்கு வயதாகிறது. சைக்கிளுக்கு மேல் எதையும் என் பெயரில் வாங்கியதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுப் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை குவிக்கும் நேரம். பக்கத்தில் இருந்தவர் எனக்கும் கை குவித்தார், ஆனால் பீடத்தைப் பார்த்துக்கொண்டே. போன வருடம் அவருடைய அப்பாவுக்குப் பெட்டி கொண்டுபோனவன் நான். கோபமில்லை. என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் யாராவது நினைவுக்கு வருகிறார்கள்.

ஜூன் 22

போனில் வண்டி வீடியோக்களாகவே பார்க்கிறேன். மலையேறுகிறார்கள், மணலில் சுழற்றுகிறார்கள், பின்னணியில் பாட்டு. சாவு வீட்டுக்கு ஓட்டிக் காட்டுகிறவர் யாருமில்லை.

ஆனாலும் சில விஷயங்கள் பிடிபட்டன. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். கியரைக் கையால் மாற்ற வேண்டும். நான்கு சக்கரத்துக்கு மாற்றவும் தனியாக ஓர் இரும்புக் கம்பி இருக்க வேண்டும், சுவிட்சு கூடாது. ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கினால் போதும். தண்ணீர் பட்டால் கெட்டுப்போகிற பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. திரை, கேமரா எதுவும் வேண்டாம்.

ஜூலை 5, சனி

அம்பத்தூரில் ஒரு பழைய வண்டிக் கடை. நான் தேடிய மாதிரியே ஒன்று நின்றது. பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். உள்ளே செண்டு வாசனை, தலை வலிக்கிற அளவுக்கு.

“ஒரே ஓனர் சார். டாக்டர் ஒருத்தர் ஓட்டினது. கண்ண மூடிக்கினு எடுத்துக்கலாம்” என்றார் கடைக்காரர்.

வீடியோவில் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெல்ல இழுத்தேன். கடைசி வரைக்கும். யாரும் அவ்வளவு தூரம் இழுக்கமாட்டார்கள். கடைசி ஒரு முழத்தில் சேறு. காய்ந்து, கோடு போட்ட மாதிரி.

வெள்ளத்தில் முழுகிய வண்டி.

“இது இன்னாங்க?” என்று கேட்டேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கோட்டைத் தொட்ட விரலை வழியெல்லாம் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 6

எழுதிவிடுகிறேன். ஒன்றரை வருடமாக எழுதவில்லை.

2023 டிசம்பர் 4. வானகரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லை. அம்மா காலையில் மூச்சுத்திணறிப் போய்விட்டாள். என் பெட்டிகள் மூன்றும் கரையான்சாவடி ஷெட்டில் பத்திரமாக இருந்தன. கொண்டுவர வண்டி இல்லை. வீரராகவனுக்குப் போன் போட்டேன். “சைலன்சர்ல தண்ணி பூந்துடும் இன்னாசி, முடியாது” என்றார். வேறு ஒன்பது பேருக்குப் போட்டேன்.

நானூறு வீட்டுக்காவது பெட்டி கொடுத்திருப்பேன். என் அம்மாவுக்குக் கொடுக்க முடியலியே.

தங்கச்சி ரியா ஓசூரிலிருந்து கிளம்பி வந்தாள். பஸ் ஸ்ரீபெரும்புதூரில் நின்றுவிட்டது. ஒரு நாள் முழுக்க அங்கே நின்றாள். ஆறாம் தேதி படகில் அம்மாவை எடுத்துப்போய் அடக்கம் செய்தோம். அதற்குமேல் வைத்திருக்க முடியாத நிலை. ரியா முகம் பார்க்கவில்லை. “ஊருக்கெல்லாம் பெட்டி குடுக்கறியே, அம்மாவுக்கு ஒண்ணு கொண்டாரத் துப்பில்லையா?” என்று போனில் கத்தினாள். அதுதான் கடைசிப் பேச்சு.

வண்டி வாங்குகிறாயே, யாருக்கு? அம்மாவுக்கா? இனிமேலா?

தெரியவில்லை.

ஜூலை 19, சனி

புது வண்டி ஷோரூம். சுரேகா என்ற பெண் வந்து பேசினாள். முப்பது வயதிருக்கும்.

“ஃபேமிலி யூஸா சார், பிசினஸா?”

“பிசினஸ்.”

“என்ன லோடு சார் ஏத்துவீங்க?”

“ஐஸ் பெட்டி.”

“ஐஸ்கிரீமா சார்?”

விளக்கினேன். வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் அரை அடி பின்னால் நகர்வார்கள். அவள், “பெட்டி நீளம் என்ன சார்?” என்று கேட்டு உள்ளே போய் டேப் எடுத்து வந்தாள்.

காட்சிக்கு நின்றது ஐந்து பேர் உட்காரும் இரட்டைக் கேபின். பின்தொட்டி ஐந்தடி. என் பெட்டி ஏழடி. பின்கதவைத் திறந்து வைத்தால் நீட்டிக்கொண்டு நிற்கும். காலிப் பெட்டிதான், ஆனாலும் தெருவே பார்க்கும். ஜெனரேட்டரையும் ஏற்ற வேண்டும்.

“சிங்கிள் கேபின்னா எட்டடி கிடைக்கும் சார். ஆனா ரெண்டே சீட்டு. அதுல ஃபோர் வீல் பேசிக் மாடல் ஸ்டாக்ல இருக்காது. யாரும் கேக்கறதில்ல. ஆர்டர் போட்டா ரெண்டு மாசம் ஆகும். ஃபேமிலியோட போகணும்னா டபுள் கேபின்தான் சார் சரியா வரும், யோசிச்சு சொல்லுங்க.”

யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன்.

ஜூலை 21

ஐந்து சீட்டில் யார் யார் உட்காருவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நான். பக்கத்தில் வீரராகவன். பின்னால் ரியா, அவள் வீட்டுக்காரர், குழந்தை. ரியாவின் மகளுக்கு இப்போது என்ன வயது? ஐந்தா, ஆறா? அதுகூடச் சட்டென்று வரவில்லை.

ஏழடிப் பெட்டிக்கு எட்டடித் தொட்டி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் இரண்டே இருக்கை என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நானே எழுதிக்கொடுப்பது போல இருக்கிறது.

ஜூலை 23

கையெழுத்துப் போட்டேன். ஒற்றைக் கேபின். வெள்ளை.

ஜூலை 26, சனி

வீரராகவனிடம் சொன்னேன். டீக்கடையில். க்ளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப எனக்கு இன்னா வேலை கீது?”

“நீயே ஓட்டு அண்ணாத்தே. மாசச் சம்பளம் தரேன்.”

“என் வண்டில நான் மொதலாளி. உன் வண்டில நான் டிரைவரா? ஏழு வருசம் ஒண்ணா சுத்திட்டு இத்த சொல்றியா நைனா?”

அவரே மறுபடி கேட்டார்.

“அன்னிக்கி நான் வரலன்னுதானே வாங்கறே?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 14

வீரராகவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு லோடு அடிக்கப் போய்விட்டாராம். யாரோ ஒரு வாடகை வண்டிக்காரர் வருகிறார். போகும்போதும் வரும்போதும் போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். பெயர் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31

மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை. மெஸ்ஸில் “இன்னும் கொஞ்சம் சாம்பார்” என்றேன். குரல் கரகரத்தது.

செப்டம்பர் 29, திங்கள்

வண்டி வந்துவிட்டது.

ஷோரூமில் சாவியைப் பெரிய அட்டையில் மாட்டிக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். எனக்கு முன்னால் ஒரு குடும்பம், பதினோரு பேர். அப்புறம் நான். போட்டோ எடுப்பவர் கேமராவை இறக்கி, “வீட்ல மத்தவங்க வந்துரட்டும் சார், வெயிட் பண்றேன்” என்றார்.

“அவ்ளோதான். நான்தான்.”

சுரேகா வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். “எடுங்கண்ணா” என்றாள். படத்தில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன். அழுகையை அடக்கினால் என் முகம் அப்படித்தான் ஆகும்.

கோயிலுக்கு ஓட்டிப்போனேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். வண்டிக்குப் பின்னால் என்ன எழுதப் போகிறேன் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஃபாதர்.

அக்டோபர் 8

பட்டாபிராம் பக்கம் வீடு கட்டாத மனைகளில் ஓட்டிப் பழகுகிறேன். மழை பெய்து களிமண் குழைந்து கிடக்கிறது. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நான்கு சக்கரத்துக்கான குட்டைக் கம்பியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ‘டக்’ என்று விழும். அதற்குப் பிறகு வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும், ஆனால் எதற்கும் நிற்பதில்லை.

ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றிவிட்டேன். முதல் தடவை. “ஏறிடுச்சி!” என்று கத்திப் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

அம்மாவுக்கு மெழுகுவர்த்தி, சாமந்தி. எல்லாக் கல்லறையிலும் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். ரியாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு அழைப்பு. வெளியே விடாத மழை.

“பட்டாபிராம்லேர்ந்து பேசறேன் சார். என் பேரு நாகவல்லி. எங்க வூட்டுக்காரரு பூட்டாரு. நாலு பேரைக் கேட்டுட்டோம், தெருவுல தண்ணி கீது, வரமாட்டோம்னுட்டாங்க. பொண்ணு கோயமுத்தூர்லேர்ந்து வரணும். நாளைக்கித்தான் வரும்.”

“வரேம்மா.” யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

வீரராகவனுக்குப் போன் போட்டேன். நான்கு மாதத்துக்குப் பிறகு. எடுத்தார்.

“தண்ணில இறங்கணும் அண்ணாத்தே.”

“உள்ள பூந்தப்புறம் கியரை மாத்தாத. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்காத. நின்னா பூடும்.” பிறகு, “தனியாவா போறே?”

“ஆமா.”

வைத்துவிட்டார்.

தெருமுனையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். அந்தத் தெருக்காரர்கள் இரண்டு பேர் கழியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். கால்வாய் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். குட்டைக் கம்பியை இழுத்தேன். இரண்டாவது கியர். இறங்கினேன். பாதி வழியில் தண்ணீர் தொடை அளவுக்கு வந்து, கதவின் அடியில் கசிந்து என் செருப்பை நனைத்தது. இன்ஜின் சத்தம் ஒருமாதிரி அடைத்துக்கொண்டது. நின்னுடாத, நின்னுடாத, நின்னுடாத. சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. முன்னால் நடந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நிற்கவில்லை.

அந்த இரண்டு பேரும் கைகொடுக்க, பெட்டியை மாடிக்கு ஏற்றி வைத்தோம். ஜெனரேட்டரைப் போட்டேன். இறந்தவர் பெயர் சிவராமன். நாகவல்லியம்மா கண்ணாடிமேல் கையை வைத்துப் பார்த்து, “ஜில்லுனு கீது” என்றார். “பொண்ணு வர்ற வரைக்கும் தாங்கும்ல?”

“தாங்கும்மா.”

டிசம்பர் 3, புதன்

அந்தப் பெண் கலைவாணி காலை லோக்கல் ரயிலில் பட்டாபிராம் வந்து இறங்கினாள். நான்தான் ஸ்டேஷனில் போய் ஏற்றிக்கொண்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து வந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்பா முகம் நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கும்மா.”

மேலே போனாள். “நைனா” என்று அவள் கூப்பிட்டது கீழே வரைக்கும் கேட்டது. எத்தனையோ வீட்டில் கேட்ட அழுகைதான். இன்று வண்டியைப் பிடித்துக்கொண்டேன். இப்படி ஒரு தடவை, முகத்தைப் பார்த்து, வாய்விட்டுக் கூப்பிட ரியாவுக்குக் கிடைக்கவில்லை. அவள் என்னைத் திட்டினது எதுக்குன்னு எனக்கு இன்னிக்கித்தான் புரியுது.

மாலை ஷெட்டுக்குத் திரும்பினால் வாசலில் வீரராகவன் உட்கார்ந்திருந்தார்.

“நின்னுச்சா?”

“நிக்கல.”

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். “ஆயிலை மாத்திடு. தண்ணி கலந்திருக்கும்.” அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். “அன்னிக்கி நான் வந்திருக்கணும் இன்னாசி” என்று க்ளாஸைப் பார்த்துச் சொன்னார். நான் அவர் தோளில் கை வைத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

அம்மா போய் இரண்டு வருடம். ரியாவுக்குப் போட்டேன். எடுக்கமாட்டாள் என்றுதான் போட்டேன். எடுத்துவிட்டாள். 

“சொல்லுணா.”

நேற்று வந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்,

“அம்மா முகம் எப்டி இருந்துச்சு?”

இரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எல்லாம் சொன்னேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, துண்டால் தாடையைச் சேர்த்துக் கட்டினேன். நெற்றியில் சுருக்கமே இல்லை. நீலப் புடவை மாற்றிவிட்டார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டு நாளும் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன், ஈ உட்காராமல். ஜெபமாலை சொன்னேன், நடுநடுவே எத்தனையாவது மணி என்று மறந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் முகம் கொஞ்சம் மாற ஆரம்பித்தது. அதை நீ பார்க்க வேண்டாம் என்றுதான் மூடினேன் ரியா.

அவள் அழுதாள். நானும்.

“தனியாவா இருந்தே, ரெண்டு நாளும்?”

“ஆமா.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீ கேக்கலியே.”

டிசம்பர் 28, ஞாயிறு

ரியா நேற்று வந்தாள். மகளை அவள் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, தனியாக. நாளை காலை பஸ்ஸில் ஓசூர் திரும்புகிறாள்.

இன்று கல்லறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரம் அம்மாவிடம் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டுக்கு வெளியே வண்டியில் இருந்தேன். திரும்பும்போது பேசிக்கொண்டே வந்தவள் பூந்தமல்லி தாண்டியதும் கதவில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். இன்ஜினை அணைத்தால் விழித்துக்கொள்வாள். அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.