பின்வாசல் வழியாக வந்த ஒய்.பி.

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புத் தோழி நூருல் ஹுதாவுக்கு,

துளசி எழுதுகிறேன். மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் அஸ்ஹரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்களுக்குக் குறையில்லை. லிஃப்ட்தான் மறுபடியும் கெட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் தங்கராஜு ஐந்து மாடி ஏறி வந்து, நான்தான் கெடுத்தது போல என்னைத் திட்டுகிறார்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நோர்மா பெயரை எடுத்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் மாற்ற முடியாதே!

நம் நோர்மா ஜெயித்துவிட்டாள், ஹுதா. பேராக்கில் அவள் ஊர் இருக்கும் அதே தொகுதியில், இரண்டாம் முறை நின்று ஜெயித்தாள். மரம் வெட்டும் கம்பெனி அவர்கள் காட்டை அழித்தபோது ஆறு கலங்கி, கீழே டவுன் வரை குழாயில் சேறு வந்தது. இவள் வழக்குப் போட்டு நிறுத்தினாள். பிறகு ஓட்டுக் கேட்டுப் போனால் மலாய்க்காரர், சீனர், தோட்டத்துத் தமிழர் என்று எல்லா வீட்டிலும் கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். ஓராங் அஸ்லிப் பழங்குடிப் பெண் ஒருத்தி இன்று சட்டமன்ற உறுப்பினர். ஊரே அவளை மரியாதையாக ஒய்.பி. என்கிறது, எனக்குத்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் சங்கம் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தது. தங்கள் வழக்கப்படி தாழை இலையில் பின்னிய கிரீடத்தோடு வந்தவளைப் பார்த்து, வாசலில் நின்றவர், "ஆட வந்தவங்க பின்னாடி போங்கலா" என்று அனுப்பிவிட்டார். இவளும் பேசாமல் போய்விட்டாள்! நாங்கள் முன்வாசலில் மாலையோடு நிற்கிறோம். உள்ளே திரை விலகினால், மூங்கில் தட்டும் ஆட்டக்காரிகளுக்கு நடுவில் இவள்! மைக்கைப் பிடித்து, "ஒய்.பி.க்கும் பின்வாசல்தான். பரவாயில்லை, மேடைக்கு அதுதான் கிட்ட" என்று மலாயில் சொன்னாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்புறம் குரல் மாறியது. "எங்கள் நிலம் எங்கள் பெயருக்கு வரும்வரை திறக்கிற எந்த வாசலிலும் நுழைவேன்" என்றாள். வாசலில் நின்ற அந்த மனிதர் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டார். இவளே தேடிப் போய் அவரோடு படம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு, நாம் மூவரும் ஒன்றாகக் குடியிருந்த இதே ஃபிளாட்டுக்கு வந்தாள். தட்டை வைத்தேன். கை வைக்கும் முன், நீ சொல்லிக் கொடுத்த தமிழில், "ஹுதா சாப்டுச்சா?" என்று கேட்டாள்.

முதல் தேர்தலில் அவள் கார் கண்ணாடியை உடைத்தார்களே, அன்று, "உனக்கு யார் ஓட்டுப் போடுவார்கள், விட்டுவிடு" என்று நீ அவளிடம் கத்தியது பயத்தில்தான். அது அவளுக்கும் தெரியும். "அன்னிக்கு எனக்காக அழுதது ஹுதா மட்டும்தான்லா" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை உன்னை அழைக்கப் போகிறாள். தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதே. முதலில் யார் அழுதாலும் பரவாயில்லை, எடுத்துப் பேசு.

இறைவன் உங்கள் எல்லாரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

என்றும் உன்,
துளசி