சிவப்புத் தூள்

மார்ச் 4, செவ்வாய்

விமான நிலையச் சரக்குக் கிடங்கில் இன்று வைட்டமின் பி-12 வந்து இறங்கியது. ஒரே ஒரு டின். சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா சார் இவ்வளவு பேப்பர்? பின்னால வண்டி ஏதும் வருதா?" என்றார்.

இவ்வளவுதான் என்றேன். ஒரு கிலோ. ஐம்பதாயிரம் டன் மாவில் கலக்கலாம்.

"அப்போ ஒரு நாட்டுக்கே போதும்னு சொல்லுங்க." டின்னை இரண்டு கையாலும் மெதுவாக இறக்கி வைத்தார்.

கடல் தாண்டி எங்கோ, தொட்டிக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் சமைத்த தூள். அடர்ந்த சிவப்பு. வருஷக்கணக்கில் இதை வரவழைத்து மாவு மில்லுக்கும் மாத்திரைக் கம்பெனிக்கும் விற்கிறேன். எனக்குப் பழகிவிட்டது. அவருக்குத்தான் ஆச்சரியம்.

மார்ச் 9

மனைவி வாசலில் தடுக்கி விழுந்தாள். தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை.

மார்ச் 17

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண் பதறிப்போனபோது, பக்கத்தில் இருந்த இவள் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்துவிட்டதாகவே நினைத்திருக்கிறாள். கார் மதிலில் போய் முட்டியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"கால் பெடல் மேல இருக்கா இல்லையான்னே தெரியலங்க."

எவ்வளவு நாளா?

"மாசக்கணக்கா. பஞ்சு மேல நடக்கற மாதிரி."

ஏன் சொல்லல?

"சொன்னா வண்டியத் தொட விடுவீங்களா?"

மார்ச் 18

மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் திருத்தினாள். மறுபடியும் அதே பெயர். மகள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். நரம்பா? மூளையா? வாய்விட்டுச் சொல்லவே பயமாக இருக்கிறது.

மார்ச் 24

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் சொன்னார்: "இவங்க உடம்புல பி-12 இல்லேன்னே சொல்லலாம். சாப்பாட்டுல குறையில்ல, வயிறு அதை உள்ள இழுக்கல. இப்போதைக்கு ஊசிதான்."

மனைவிதான் முதலில் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, தான் போய் கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம்."

டாக்டர் விழித்தார். என் தொழிலைச் சொன்னேன். அவரும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

கால் பழையபடி வருமா?

"பெரும்பாலும் வரும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

மார்ச் 25

முதல் ஊசி. நர்ஸ் மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தட்டினார். அதே சிவப்பு.

ஒரு மில்லிகிராம். நகக்கண்ணில் ஒட்டும் தூசி அளவுகூட இருக்காது. இது இல்லாமலா ஒரு மனுஷிக்குத் தன் காலும் பெற்ற பிள்ளையின் பெயரும் கைநழுவிப் போயின? அப்படியானால் நம்மையெல்லாம் எதுதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது — இவ்வளவு கொஞ்சமா?

ஏப்ரல் 11

ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு மகளைச் சரியாகப் பேர் சொல்லித் திட்டினாள். மகள் திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தாள். கால் மட்டும் இன்னும் பஞ்சுதான்.

மே 2

"இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஊசி போட்டதும் ஓடறதுக்கு நான் என்ன மோட்டாரா?"

மே 20

மில்லுக்குப் பிரித்து அனுப்ப டின்னைத் திறந்தோம். முகமூடிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மூச்சுக்காற்றில் ஒரு சிட்டிகை பறந்தால்கூட எத்தனை பேருடைய பங்கு! யார் யார் வீட்டுத் தட்டுக்கோ போகிறது. விழாமல் நடந்தது எதனால் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தெரியவும் வேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், "ஸ்..." என்று காலை உதறினாள். ஓடினேன். வெறுங்கால். பாதத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்சிடுச்சு."

நான் நகரவில்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? எறும்பு கடிச்சா யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளும் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.